எழுபத்து நாலு கிலோ, நீலக் கயிறு

"இந்த நாற்காலி ஆடுது அத்தான்" என்றான் பஞ்சு.

"நீ உட்கார்ந்தா எல்லா நாற்காலியும்தான் ஆடும் மாப்ளே. பேசாம டீயைக் குடி."

பஞ்சு என்பது அவனுக்கு வைத்த பெயர் அல்ல. பிறந்த அன்று அவனைத் தூக்கிய நர்ஸ், "பஞ்சு மூட்டை மாதிரி இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்தில் நின்ற அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்து நான்கு வருஷத்தில் மூட்டை நன்றாகப் பெருத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே நின்றது. அந்த அக்காவைக் கட்டிய பாவத்துக்கு அவனையும் சேர்த்துக் கட்டி மேய்ப்பவர் அத்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைத் தோண்டி எடுக்கும் வேலையில் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். ஆள் ஈர்க்குச்சி. குரல் அதைவிட மெல்லிசு. பஞ்சு அவருக்கு டிரைவர், உதவியாளன், வாய் கொஞ்சம் அதிகமான நிழல்.

அவர்கள் உட்கார்ந்திருந்த கேன்டீன் ஒரு பழைய கல்குவாரியின் விளிம்பில் இருந்தது. கல்லை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு போனபின் மிச்சமிருந்த பெரும்பள்ளத்தில் தண்ணீர் நிரம்பிப் பச்சையாகக் கிடந்தது. விளிம்பிலிருந்து இரும்புக் கை ஒன்று அந்தரத்தில் நீண்டு, அதன் நுனியில் ஒரு சின்ன மேடை. மனிதர்கள் அங்கே போய்க் காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிப்பார்கள். பஞ்சி ஜம்ப். கீழே போய், கயிறு இழுத்து, மேலே வந்து, மறுபடி கீழே போய், ஆடி அடங்கியதும் படகுக்காரர் வந்து காலைக் கழற்றி விடுவார்.

"பஞ்சு பஞ்சி குதிச்சா எப்படி இருக்கும்?" என்று வரும் வழியிலேயே அத்தான் கேட்டிருந்தார். பஞ்சு காரின் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டான்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளர். இப்போது இந்த இடத்தின் முதலாளி. குதிக்கிறவர்களின் காலில் கயிறு கட்டுவதும், மேடையில் நின்று எண்ணிக்கை சொல்வதும் அவரேதான். எல்லோரும் மாஸ்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மூணு வாரமா நடக்குது சார்" என்றார் மாஸ்டரம்மா. "முதல் ஆளுக்குத் தலைமுடி மட்டும் நனைஞ்சுது. சிரிச்சுக்கிட்டே போயிட்டார். அடுத்த வாரம் ஒருத்தர் தோள் வரைக்கும் முங்கினார். போன வாரம் ஒருத்தர் இடுப்பு வரைக்கும். இப்ப கழுத்துல பட்டை போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார்."

"தண்ணியைத் தொடவே கூடாதா?"

"கூடாது. ரெண்டு ஆள் உயரம் இருக்கும்போதே கயிறு பிடிச்சு மேல இழுத்துடணும். தண்ணிக்குள்ள வெட்டிப் போட்ட கல்லு அடுக்கடுக்கா கிடக்கு. இதே கணக்குல போனா அடுத்த ஆள்..." அவர் முடிக்கவில்லை. "ரெண்டாவது ஆளுக்கப்புறம் எல்லாக் கயிறையும் தூக்கிப்போட்டுட்டுப் புதுசு வாங்கினேன். அந்தப் புதுக் கயிறுலதான் மூணாவது ஆள் முங்கினது. அன்னையிலேர்ந்து வாசலைச் சாத்திட்டேன்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"கயிறைக் கழுவி, காயப்போட்டு, சுருட்டி வைக்கிறது படகுக்காரர்தான். ரெண்டாவது ஆள் முங்கினப்போ, கடையை மூடுன்னு எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்துக் கத்தினார். அதுலேர்ந்து எங்களுக்குள்ள பேச்சில்ல. இன்னைக்குச் சாயங்காலம் அவரை அனுப்பிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் பார்த்துச் சொல்லிட்டா எனக்கு நிம்மதி."

அப்போது கேன்டீன்காரர் இரண்டு தட்டில் கேக்கோடு வந்தார். உருண்டையான மனிதர், உருண்டையான முகம். இடுப்பு ஏப்ரனின் நாடா எட்டாமல் ஒரு துண்டுச் சணலை ஒட்டுப்போட்டு முடிந்திருந்தார்.

"என் வீட்டுக்காரர்" என்றார் மாஸ்டரம்மா. அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "டாக்டர் சர்க்கரைன்னு பயமுறுத்தினதுலேர்ந்து நானே அளந்து அளந்துதான் சாப்பாடு போடறேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மெஷின்ல ஏத்தி நிறுத்திடுவேன். மூணு வாரத்துல ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கார்!"

கேன்டீன்காரர் பல்வலிக்காரர் மாதிரிச் சிரித்தார். கேக்கை வைத்துவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார்.

"ஒன்பது கிலோ குறைஞ்சும் இவ்வளவு மிச்சமா?" என்று பஞ்சு முணுமுணுத்தான். அத்தான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

படகுத்துறைக்குப் போகப் பாறையில் வெட்டிய படிகள். இறங்க இறங்க முடியாமல் அவை நீண்டுகொண்டே போயின. பாதி வழியிலேயே பஞ்சு இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டான்.

படகுக்காரர் ஒரு கல்லின்மேல் அமர்ந்து தடித்த கயிறு ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒட்டிய கன்னம். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நீங்கதான் அந்த சி.ஐ.டி.யா?"

"அவர்தான் சி.ஐ.டி. நான் அவர் பையைத் தூக்கறவன்" என்றான் பஞ்சு, மூச்சு வாங்க.

"பை தூக்கற உடம்பா இது? பைதான் உங்களைத் தூக்கணும் போலிருக்கு."

அத்தானுக்கு இந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது என்பது பஞ்சுவுக்குத் தெரிந்தது. அவர் தமது பையிலிருந்து பழைய செய்தித்தாளை எடுத்துக் கல்லின்மேல் விரித்து உட்கார்ந்தார். பேண்ட்டில் அழுக்குப் பட்டால் அக்கா விடமாட்டாள்.

"முங்கின மூணு பேரையும் நீங்கதானே படகுல ஏத்தினீங்க? எப்படிப்பட்ட ஆளுங்க?"

"எல்லாம் இவர் சைஸுதான்." படகுக்காரர் துணியால் பஞ்சுவைச் சுட்டினார். "ஒல்லிப் பசங்க ஒருத்தன்கூட நனையல. காலேஜ் பொண்ணுங்க கூட்டமா வந்து ஒருநாள் பூரா குதிச்சாங்க. ஒரு சொட்டுத் தண்ணி படல."

"எல்லாருக்கும் ஒரே கயிறா?"

"அது எப்படி? எடையைப் பொறுத்துக் கயிறு. அறுபது கிலோ வரைக்கும் மஞ்சள். எழுபத்தஞ்சு வரைக்கும் நீலம். தொண்ணூறு வரைக்கும் சிவப்பு. அதுக்கு மேல கறுப்பு. கனமான ஆளை மெல்லிசுக் கயிறுல கட்டினா அது பாட்டுக்கு இழுபட்டுக்கிட்டே போகும், நிக்காது." கொஞ்சம் தயங்கினார். "கழுத்துல அடிபட்டாரே, அவருக்குச் சிவப்புக் கட்டியிருந்தாங்க. காலைக் கழட்டும்போதே நினைச்சேன், இந்த உடம்புக்குச் சிவப்பு எப்படின்னு. மேல எழுதி அனுப்பற எடை அப்படி. கீழ இருக்கறவன் சொன்னா யார் கேக்கறா?"

"உங்களை அனுப்பப் போறாங்களாமே."

படகுக்காரர் துணியைக் கீழே வைத்தார்.

"போகச் சொன்னா போறேன். வேற வேலை கிடைக்காதா? ஆனா, ஆளைக் கொல்லப் பார்த்தவன்னு பேர் வாங்கிக்கிட்டு எப்படிப் போறது? என் பையன் கேப்பான்ல?"

அத்தான் செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

எடை அறையில் ஒரு இளம் பெண் கையில் தடித்த மார்க்கர் பேனாவோடு இருந்தாள். அறையின் நடுவில் கனத்த இரும்பு மெஷின். ஏறி நிற்க ஒரு பலகை, முகத்துக்கு நேரே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள்.

"ஏறு மாப்ளே."

"நான் எதுக்கு?"

"சும்மா ஏறு. மெஷின் தாங்குதான்னு பார்ப்போம்."

பஞ்சு ஏறினான். முள் துடித்து ஓடி நின்றது. அவன் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான்.

"எழுபத்து நாலு!" என்று கத்தினான். "அத்தான், புது வருஷத்துக்கு அக்கா வீட்டு மெஷின்ல எண்பத்து மூணு இருந்தேன். எழுபத்து நாலு! டயட் கிடையாது, ஓட்டம் கிடையாது. மனசு சுத்தமா இருந்தா உடம்பு தன்னால இளைக்கும் போலிருக்கே!"

அந்தப் பெண் சிரித்தாள். "கொஞ்ச நாளா இங்க வர்ற பெரிய உடம்புக்காரங்க எல்லாரும் இப்படித்தான் சார் சந்தோஷமா இறங்கறாங்க. இறங்கி நேரா கேன்டீனுக்குப் போய் கேக் வாங்கித் தின்னுடறாங்க."

"ஒல்லியானவங்க?" என்று கேட்டார் அத்தான்.

"அவங்க எப்பவும் போலத்தான்."

அத்தான் தாமும் ஏறிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு. "எனக்கு ஒரு கிராம்கூட குறையலையே" என்றார் ஏமாற்றத்தோடு. "மெஷினைச் சரிபார்க்கிறது உண்டாம்மா?"

"தினமும் காலையில மாஸ்டரம்மாவே இருபது கிலோ எடைக்கல்லை வெச்சுப் பார்ப்பாங்க." அவள் மூலையில் இருந்த எடைக்கல்லை உருட்டி வந்து பலகையில் ஏற்றினாள். முள் இருபதில் ஆடாமல் நின்றது. "பார்த்தீங்களா?"

அத்தான் முள்ளைப் பார்க்கவில்லை. பஞ்சுவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, பெல்ட் எத்தனாவது ஓட்டையில மாட்டியிருக்க?"

"கடைசி ஓட்டைக்கும் அடுத்ததுல. அக்காதான் ஆணியைச் சுட்டு ஒண்ணு போட்டுக் கொடுத்தா."

"எப்போ?"

"போன மாசம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. நீ குதிக்கப் போற."

பஞ்சு இரண்டு எட்டுப் பின்வாங்கினான். "அத்தான், விளையாடாதீங்க."

"ஒரு ஆள் குதிச்சு நான் கண்ணால பார்த்தாத்தான் இந்தக் கேஸ் முடியும். எனக்கு முதுகுவலி. உனக்கென்ன, எழுபத்து நாலு கிலோ ஆளு, காத்துல மிதந்துக்கிட்டே இறங்குவ."

"பயமா இருந்தா வேணாம் சார்" என்றாள் அந்தப் பெண், மிகுந்த அனுதாபத்தோடு.

"பயமா? எனக்கா?" என்று பஞ்சுவின் வாய், அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அதே வேகத்தில் அவள் அவன் புறங்கையில் 74 என்று பெரிதாக எழுதிவிட்டாள்.

மாஸ்டரம்மாவிடம் பேசிவிட்டு வருவதாக அத்தான் போனார். பஞ்சு கேன்டீனுக்கு வந்து தண்ணீர் கேட்டான். தண்ணீரை நீட்டிய கேன்டீன்காரரின் கண் அவன் புறங்கையில் விழுந்தது. டம்ளர் தளும்பியது.

"நீங்க... குதிக்கப் போறீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இன்னைக்குக் காத்து சரியில்ல சார்."

"இலைகூட அசையலையே."

"மேல வேற காத்து." அவர் அவசரமாக ஒரு பெரிய கேக் துண்டை வெட்டித் தட்டில் வைத்தார். "இதைச் சாப்பிடுங்க. காசு வேண்டாம். சாப்பிட்டா ரெண்டு மணி நேரம் குதிக்கக் கூடாது, அதுதான் இங்க ரூல். இன்னொண்ணும் வைக்கட்டுமா?"

வாழ்க்கையில் முதல்முறையாகப் பஞ்சு ஒரு கேக்கை மறுத்தான். "வேண்டாம் சார். இப்பத்தான் இளைச்சிருக்கேன்."

ஜன்னல் வழியே பார்த்தால் எடை அறைக்குள் அத்தான் செய்தித்தாளை விரித்து அதன்மேல் மண்டியிட்டுக் குனிந்திருந்தார். எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பஞ்சு நெகிழ்ந்துபோனான்.

சிறிது நேரத்தில் அந்தப் பெண் வந்து கூப்பிட்டாள். நினைவுக்காக ஒரு ஃபோட்டோ எடுக்க வேண்டுமாம், மெஷின்மேல் திரும்பி நிற்க வேண்டுமாம். பஞ்சு முள்ளுக்கு முதுகு காட்டி, வயிற்றை எக்கி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நின்றான். அவள் ஃபோனில் படம் எடுத்தாள். பின்னால் நின்ற மாஸ்டரம்மா முள்ளையே பார்த்தார். அவர் முகம் இறுகியிருந்தது.

இரும்புக் கைமேல் நடந்து மேடைக்குப் போகும்போதுதான் பஞ்சுவின் வேடிக்கை எல்லாம் வடிந்தது. காலடியில் கம்பி வலை. அதன் கண்களுக்கு ஊடே பள்ளம் தெரிந்தது. கீழே படகு தீப்பெட்டி அளவு. மாஸ்டரம்மா மண்டியிட்டு அவன் கணுக்காலில் தடித்த பட்டைகளைச் சுற்றினார், இறுக்கினார், இழுத்துப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். சிவப்பு உறை போட்ட கயிறு மலைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடந்து, மேடையின் ஓரத்தில் இறங்கி அந்தரத்தில் தொங்கியது. அதன் கனம் காலைப் பிடித்துக் கீழே இழுத்தது.

"கீழ பார்க்காதீங்க. நேரா எதிர்ப் பாறையைப் பாருங்க. கையை விரிங்க. எண்ணி முடிச்சதும் சாஞ்சிடுங்க, அவ்வளவுதான்."

பஞ்சு எந்தப் பாறையையும் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். கட்டை விரல்கள் மேடையின் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றைத் தொட்டன. அக்காவிடம் சொல்லாமல் வந்தது நினைவுக்கு வந்தது. கார் சாவி தன் சட்டைப் பையில் இருப்பதும் நினைவுக்கு வந்தது. நான் போய்விட்டால் அத்தான் வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. எடை அறைப் பெண்ணின் குரல் பள்ளம் முழுக்க எதிரொலித்தது.

"எழுபத்து நாலு கிலோ! நீலக் கயிறு!"

"அஞ்சு" என்றார் மாஸ்டரம்மா. "நாலு. மூணு..."

"நிறுத்து! நிறுத்து!"

இரும்புக் கை அதிர்ந்தது. யாரோ அதன்மேல் தடதடவென்று ஓடிவந்தார்கள். பஞ்சு கண்ணைத் திறந்து, கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். கேன்டீன்காரர். ஏப்ரனோடு, கையில் கேக் கத்தியோடு.

"நீலத்துல விடாதே! அவர் எழுபத்து நாலு இல்ல! மெஷின் பொய் சொல்லுது, நான்தான்... நான்தான் அதுக்கு அடியில ரப்பர் வெச்சேன்!"

சொல்லி முடித்தபிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று அவர் கீழே பார்த்தார். கத்தி கையிலிருந்து நழுவி வலையில் விழுந்தது. இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த இடத்தைத் தொறந்த நாள்லேர்ந்து இவர் இந்த இரும்புக் கை பக்கமே வந்ததில்ல" என்றார் மாஸ்டரம்மா மெல்ல. "பால்கனியில நின்னாலே தலை சுத்தும்னு சொல்லுவார்."

அத்தான் நிதானமாக நடந்து வந்தார். அவர் உள்ளங்கையில் வட்ட வட்டமாக வெட்டிய மூன்று ரப்பர் துண்டுகள் இருந்தன.

"பழைய கயிறை வெட்டி எடுத்தது" என்றார். "கேன்டீன் நாற்காலிக்கெல்லாம் காலடியில இதுதான் செருகியிருக்கு, தரையில கீறாம இருக்க. ஒரு நாற்காலிக்கு மட்டும் மூணு கால்ல காணோம். மாப்ளே உட்கார்ந்து ஆடினானே, அதுதான். இதை எடை மெஷின் பலகைக்கு அடியில ஒண்ணு மேல ஒண்ணா வெச்சிருக்கார். லேசான ஆள் ஏறினா பலகை கொஞ்சம்தான் இறங்கும், ரப்பரைத் தொடாது. இருபது கிலோ கல்லுக்கும் தொடாது, எனக்கும் தொடாது. கனமான ஆள் ஏறினா பலகை ரப்பர் மேல உட்காரும். கொஞ்சம் பாரத்தை ரப்பர் வாங்கிக்கும், மீதிதான் முள்ளுக்குப் போகும். அதான் ஒல்லி ஆளுங்க நனையல, குண்டு ஆளுங்க கேக் வாங்கித் தின்னாங்க."

"ஒவ்வொரு வாரமும் ஆழமா முங்கினாங்களே?" என்றார் மாஸ்டரம்மா. ஆனால் பதில் அவருக்கே தெரிந்துவிட்டது என்பது குரலில் இருந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே மெஷின்ல இவர் எடை குறையணுமே" என்றார் அத்தான். "வாரத்துக்கு ஒரு துண்டு."

கேன்டீன்காரர் கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டே பேசினார். "கையில எழுதற அந்த நம்பர் சும்மா ஃபோட்டோவுக்காகன்னு நினைச்சேன். நான் என்னைக்கு இந்தப் பக்கம் வந்தேன்? நேத்து படகுக்காரர் கேன்டீனுக்கு வந்து, எடையைப் பார்த்துத்தான் கயிறு, அதுல என்ன தப்புன்னு பாருங்கன்னு கத்தினார். அப்பதான் உறைச்சுது. காலையில எடுக்கப் போனேன், இறுகிப்போய் வரல. உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

"பசிச்சா என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா கேரட் கொடுப்ப."

மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. கணவர் பக்கத்தில் குந்தி, கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தார். "ஒருத்தர் கழுத்து போயிருக்கு. மூணு பேர் வீட்டுக்கும் நாளைக்குப் போறோம். நானும் வர்றேன், நீங்களும் வர்றீங்க. நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையசைத்தார்.

"யாராவது என்னைப் பிடிங்களேன்" என்றான் பஞ்சு. அவன் இன்னமும் விளிம்பில் கையை விரித்தபடி நின்றுகொண்டிருந்தான். "நீலக் கயிறுல என்னைக் கட்டிட்டுக் குடும்பக் கதை பேசறீங்க!"

"கண்ணைத் தொறந்து காலைப் பார் மாப்ளே."

பார்த்தான். சிவப்பு.

"மெஷினுக்கு அடியில ரப்பர் இருந்ததைப் பார்த்ததுமே மாஸ்டரம்மாகிட்டச் சொல்லி சிவப்பு கட்டச் சொல்லிட்டேன்" என்றார் அத்தான். "யார் வெச்சதுன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லல. மைக்குல நீலம்னு சொல்லச் சொன்னேன். ரப்பர் யாருதுன்னு நாற்காலியே சொல்லிடுச்சு. ஆனா கொல்றதுக்காக வெச்சவரா, விளங்காம வெச்சவரான்னு தெரியணும் இல்ல? கொல்ல நினைச்சவர் கேன்டீன்ல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். விளங்காம வெச்சவர் ஓடி வருவார். இவர், பால்கனிக்கே பயப்படறவர், இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கார்."

"அப்ப நான்?"

"நீ தூண்டில் புழு."

"அக்காகிட்டச் சொல்றேன் இருங்க" என்றான் பஞ்சு. பிறகு ஒரு சந்தேகம் வந்தது. "சிவப்புதான் சரின்னு எப்படித் தெரியும்? என் நிஜ எடை?"

"ரப்பரை எடுத்தப்புறம்தானே ஃபோட்டோ எடுத்தாங்க. எண்பத்தாறு."

"எண்பத்தாறா!" அந்த உயரமும் பள்ளமும் தராத அதிர்ச்சியை அந்த எண் தந்தது. "மூணு கிலோ ஏறியிருக்கேனா?"

மாஸ்டரம்மா எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். "மன்னிச்சுக்கோங்க தம்பி. கழட்டிடறேன்." குனிந்தவர் அப்படியே நின்று கீழே பார்த்தார். தீப்பெட்டிப் படகு அதே இடத்தில் அசையாமல் கிடந்தது. "அவரை எந்த முகத்தோட போய்ப் பார்ப்பேன்? சாயங்காலம் மூட்டையைக் கட்டச் சொல்றதா இருந்தேன். அந்த மனுஷன் எதுவும் கேக்காம கீழயே உட்கார்ந்திருக்கார்."

பஞ்சுவும் பார்த்தான். படகுக்காரர் நின்றுகொண்டு, நெற்றிமேல் கையை வைத்து, மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். குதிக்கப் போகிறவன் குதிக்கவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

"கழட்ட வேண்டாம்" என்றான் பஞ்சு.

"என்ன?"

"கீழதானே போறேன். நானே சொல்லிடறேன்."

"படியில இறங்கியும் சொல்லலாம் மாப்ளே" என்றார் அத்தான். இந்தத் தடவை அவர் குரலில் கிண்டல் இல்லை.

"அத்தனை படி யார் இறங்கறது?"

மாஸ்டரம்மா அவன் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு மறுபடி மண்டியிட்டு ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்தார். ஒலிபெருக்கியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"திருத்தம்!" என்று எதிரொலித்தது குரல். "எண்பத்தாறு கிலோ! சிவப்புக் கயிறு!" பாறைகள் எண்பத்தாறு, எண்பத்தாறு என்று திரும்பத் திரும்பச் சொல்லின.

"இதை மட்டும் ஏன் சத்தமா..." என்று ஆரம்பித்த பஞ்சு, எண்ணிக்கைக்குக் காத்திராமல் சாய்ந்தான்.

முதலில் வயிறு மேடையிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் போனது. காற்று வாய்க்குள் புகுந்து, கத்த நினைத்ததை உள்ளேயே அடைத்தது. பச்சைத் தண்ணீர் அகன்று, அகன்று, உலகம் முழுவதும் தண்ணீராகி அவன் முகத்தை நோக்கி எழும்பியது. போச்சு என்று நினைத்தான். அந்த நினைப்பில் பயம்கூட இல்லை. எல்லாம் வெளுத்துத் தெளிவாக இருந்தது. படகின் பக்கவாட்டில் பெயர்ந்திருந்த பெயின்ட்டைக்கூடப் பார்க்க முடிந்தது. அப்புறம் கணுக்காலில் ஒரு பெரிய கை பிடித்த மாதிரி, மெதுவாக, உறுதியாக, கயிறு இழுக்கத் தொடங்கியது. தண்ணீர் நின்றது. தன் முகத்தையே அதில் ஒரு கணம் தலைகீழாகப் பார்த்தான். பிறகு யாரோ சுண்டி எறிந்ததுபோல மேலே போனான். வானம், பாறை, வானம். அப்போதுதான் அடைபட்டிருந்த கத்தல் வெளியே வந்தது. பாதியில் அது சிரிப்பாக மாறிவிட்டது. ஏன் சிரிக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

ஆட்டம் அடங்கியபோது படகுக்காரர் நீண்ட கழியால் அவனைப் பிடித்து இழுத்தார். தலைகீழாகத் தொங்கியபடியே பஞ்சு பேசினான்.

"அண்ணே, கயிறு மேல தப்பில்ல. உங்க மேலயும் தப்பில்ல. எடை மெஷின்ல கோளாறு. கேன்டீன்காரர் தெரியாம பண்ணினது. ஒத்துக்கிட்டார். உங்க வேலை எங்கயும் போகல."

காலைக் கழற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. பஞ்சுவுக்கு அவர் முகம் தெரியவில்லை, ஒட்டிப்போன வயிறும் பழைய செருப்பும்தான் தெரிந்தன. பிறகு அவர் அவனைத் தாங்கிப் பிடித்துப் படகில் படுக்கவைத்தார். தண்ணீரை அள்ளித் தம் முகத்தில் இரண்டு தடவை அடித்துக்கொண்டார்.

"யார் சொல்லி அனுப்பினது? அவங்களா?"

"அவங்களே வர்றாங்க பாருங்க."

பாறைப் படிகளில் மாஸ்டரம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், அவர் தோளை ஒரு கையாலும் பாறையை ஒரு கையாலும் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு படியாக அவர் வீட்டுக்காரர். அவர்களுக்கும் பின்னால், கையை வீசிக்கொண்டு அத்தான்.

படகுக்காரர் துடுப்பை எடுத்தார். கரையை நெருங்கும்போது மாஸ்டரம்மா கடைசிப் படியில் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. படகுக்காரர் அதற்காகக் காத்திருக்கவில்லை. துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

"வழுக்கும்மா. கையைப் பிடிச்சு ஏறி உட்காருங்க. உட்கார்ந்து பேசலாம்."